மொரிஸ் மைனரும் மின்னோட்டமும்

யாழ்ப்பாணத்தைப் பழைய பிரித்தானியக் கார்களின் அருங்காட்சியகம் என்று வெளியூர் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஒஸ்ரின் ஏ40, ஏ55 கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் என்பன எங்களுக்குக் காட்சிப்பொருள்களல்ல. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையின்போது, சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய வாகனங்கள் அவை. அந்த எஞ்சின்களின் புகழைப் பலர் எழுதிவிட்டனர். அவற்றின் வயர்களைப் பற்றி எழுதியவர் எவரையும் நான் கண்டதில்லை.

தென்மராட்சியில் வசிக்கும் என் அத்தானிடம், 1960களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட மொரிஸ் மைனர் ஒன்று உண்டு. அக்காவுக்கு வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்பு. விடியுமுன்னரே நகருக்குப் புறப்பட வேண்டும். கைதடி, நாவற்குழி வீதியில் விளக்கில்லாத சைக்கிள்களும் மாடுகளும் எதிர்ப்படும் நேரம் அது. காரின் முன்விளக்குகளோ குப்பிவிளக்குப் போல மஞ்சளாக எரிந்தன. அத்தான் பல்புகளை மாற்றினார், பற்றரியையும் மாற்றினார். மஞ்சள் மட்டும் மாறவில்லை.

கொடிகாமத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் மீற்றரை வைத்துப் பார்த்தார். பற்றரியில் 12.6 வோல்ட், விளக்கடியில் 10.7.

"தம்பி, பல்பிலை ஒரு பிழையுமில்லை. வாற வழியிலைதான் களவு போகுது."

அவ்வழி நீண்டது. பற்றரியிலிருந்து முகப்புப் பலகையிலுள்ள சுவிட்சுக்கு, அங்கிருந்து இடது காலடியில் மிதித்து மாற்றும் டிப் சுவிட்சுக்கு, பின்னர் மீண்டும் முன்னோக்கி விளக்குகளுக்கு. அறுபது ஆண்டுகளாகக் களிம்பேறிய இணைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு தடை. ஏறத்தாழ 8 அம்பியர் ஓடும்போது, இழந்த 1.9 வோல்ட் 15 வாட் வெப்பமாக மாறும். ஈயம் பற்றவைக்கும் சிறிய கோலொன்றின் வெப்பம் அது. இந்தக் காரில் இருப்பதோ இரண்டே உருகிகள். முன்விளக்குகளின் சுற்று அவ்விரண்டையும் சாராது. துணிசுற்றிய பழைய வயரொன்று உராய்ந்து தகரத்தைத் தொட்டால் தடுப்பதற்கு எதுவுமில்லை. மங்கிய வெளிச்சத்தைவிட இதுவே என்னை அதிகம் அச்சுறுத்தியது.

கலைப்பட்டதாரியான எனக்கு அன்று வேறொரு வியப்பும் கிடைத்தது. வயரினுள் இலத்திரன்கள் மின்னல் வேகத்தில் பாய்வதாகவே எண்ணியிருந்தேன். உண்மையில், இந்த அளவு மின்னோட்டத்தில் அவை ஒரு செக்கனில் அரை மில்லிமீற்றர்கூட நகர்வதில்லை. சுவிட்சடியில் உள்ள ஓர் இலத்திரன் விளக்கை எட்டச் சில மணி நேரம் செல்லும். ஆயினும் விளக்கு உடனே எரிகிறது. கிணற்றிலிருந்து தோட்டத்துக்குப் போகும் குழாய் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், மோட்டாரைப் போட்ட கணமே மறுமுனையில் நீர் கொட்டுமல்லவா? அதுபோலத்தான்.

மின்னோட்டம் திரும்புவதற்குத் தனி வயரில்லை. காரின் தகர உடலே மறுபாதி வழி. அதிலும் இக்காரில் உடலோடு இணைந்திருப்பது பற்றரியின் நேர்முனை. இக்காலத்து றேடியோவை யோசியாமல் பொருத்தினால் புகைதான் வரும். விளக்கடியில் அந்த இணைப்பும் துருவேறிக் கிடந்தது.

முதியவர் பற்றரியிலிருந்து உருகியுடன் தடித்த வயரொன்றை நேரே இழுத்தார். விளக்குகளுக்கருகே இரண்டு றிலேக்களைப் பொருத்தினார். துருவைச் சுரண்டி, புதிய எர்த் வயர் கொடுத்தார். இப்போது பழைய சுவிட்சுகளினூடாகச் செல்வது, றிலேயை இயக்கும் அற்ப மின்னோட்டம் மட்டுமே. ஆணை பழைய வழியால் போகிறது. சுமை புதிய வழியால் போகிறது.

விளக்கடியில் 12.2 வோல்ட் காட்டியது. 12 வோல்ட் பல்பொன்றுக்கு ஒரு வோல்ட் குறைந்தாலே ஏறத்தாழக் கால்வாசி வெளிச்சம் போய்விடும் என்பதால், வேறுபாட்டைக் காண மீற்றர் தேவைப்படவில்லை. உற்சாகமடைந்த அத்தான் 100 வாட் பல்பு போடலாமா என்றார். முதியவர் மறுத்துவிட்டார். டைனமோ தருவதே சுமார் 22 அம்பியர். இரண்டு பல்புகள் 16 அம்பியருக்கு மேல் விழுங்கினால் மிச்சத்துக்கு எங்கே போவது?

வைப்பருக்குப் போகும் வயர் இன்னும் பழையதுதான். மாரி தொடங்குமுன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.