அயோவா சாலையில் ஒரு தாய்ப் பள்ளி

அமெரிக்கா என்றதும் வானளாவிய கட்டடங்களே நம் நினைவிற்கு வரும். அந்நாட்டின் நடுப்பகுதியோ முற்றிலும் வேறு. சிகாகோவிலிருந்து காரில் புறப்பட்டு, மிஸிஸிப்பி ஆற்றைக் கடந்து அயோவா மாநிலத்தை அடைந்தோம். நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைக்க 1913-இல் வகுக்கப்பெற்ற லிங்கன் நெடுஞ்சாலை இவ்வழியே செல்கிறது. இருமருங்கும் மக்காச்சோளம், சோயா; கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வேறொன்றும் இல்லை.

அச்சாலையிலுள்ள சீடர் ராப்பிட்ஸ் நகரில்தான் 'அமெரிக்காவின் தாய்ப் பள்ளி' இருக்கிறது. பள்ளிவாசலுக்கென்றே எழுப்பப்பெற்று அந்நாட்டில் இன்றும் நிற்பவற்றுள் இதுவே மிகப் பழையது. வானுயர்ந்த மினாராவைத் தேடாதீர்கள். வெள்ளை பூசிய மரப்பலகைக் கட்டடம். மேலே சிறு குவிமாடம், பிறை. அவ்வளவே! லெபனான், சிரியா பகுதிகளிலிருந்து சென்று, மூட்டையைத் தோளில் சுமந்து பண்ணை பண்ணையாக விற்றவர்களும், மளிகைக்கடை வைத்தவர்களும் சேர்ந்து கட்டியது. ஆண்டு 1934. அமெரிக்காவே வேலையின்றித் தவித்த காலம் அது.

1970களின் தொடக்கத்தில் பெரிய பள்ளி ஒன்று எழவே, இது விற்கப்பட்டது. இளைஞர் மன்றமாயிற்று; கிறிஸ்தவ சபையொன்றின் ஆலயமாயிற்று; பின்னர் கவனிப்பாரற்றுச் சிதைந்தது. விற்றவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. இடம் போதாத ஜமாஅத் வேறென்ன செய்யும்? ஆயினும், சுஜூது செய்த தரை கைமாறியதை அறிந்தபோது நெஞ்சு கனத்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின் அயோவா இஸ்லாமிய மன்றம் அதை மீட்டு வாங்கிச் செப்பனிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாங்கள், அங்கே வடகிழக்கு நோக்கி நின்று கஸ்ராகத் தொழுதோம்.

இவ்வூர்ச் சகோதரர் அப்துல்லாஹ் இக்ராம், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். போர்வீரரின் கழுத்துத் தகட்டில் சமயத்தைக் குறிக்க புராட்டஸ்டண்டு, கத்தோலிக்கர், யூதர் ஆகியோருக்கே எழுத்துகள் இருந்தன. களத்தில் மாண்ட முஸ்லிமுக்கு ஜனாஸா தொழவேண்டும் என்பதை எவர் அறிவார்? 1953-இல் அவர் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மடல் எழுதி, இஸ்லாத்திற்கும் இடம் கேட்டார். மடல் எவரிடம் சென்றது பாருங்கள்! 1919-இல் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 62 நாட்கள் சென்ற இராணுவ வாகன அணியில், இளம் அதிகாரியாக இதே அயோவாச் சாலையைக் கடந்தவர் அவர்.

நகரில் முஸ்லிம்களுக்கெனத் தனி மையவாடியும் உண்டு. அங்கு அடங்கியிருப்போருக்கு ஸலாம் கூறி, துஆச் செய்துவிட்டு, டாமா எனும் சிற்றூர் நோக்கி மேற்கே புறப்பட்டோம். அங்குள்ள 1915-ஆம் ஆண்டுப் பாலத்தில், சாலையின் பெயரே எழுத்தெழுத்தாகக் கைப்பிடிச் சுவராய் வார்க்கப்பட்டிருக்கிறது.