தட்டு, அலசு, காயப்போடு

குடுமியான்மலைக்கு வெளியூரார் வருவது பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டைப் பார்க்க. நான் போனது ஜமுக்காளம் துவைப்பவர்களைப் பார்க்க. இந்தப் பக்கத்து வீடுகளில் கம்பளம் ஏது? படுக்கக் கோரைப்பாய், விசேஷம் என்றால் பந்தல் கடையிலிருந்து வாடகை ஜமுக்காளம்.

முகூர்த்தத்துக்கு மறுநாள். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் குவியலாகக் கிடந்தன. தண்ணீரைத் திறப்பதற்கு முன்பே அடி தொடங்கிவிட்டது. கொடியில் போட்டுப் பின்பக்கமாகக் கழியால் விளாசினார் பெரியவர்.

"தட்டாம நனைச்சா தூசி சேறாயிரும் தம்பி. அப்புறம் நூலுக்குள்ளயே உக்காந்துக்கும்."

அவர் சொல்வதில் மருத்துவமும் இருக்கிறது. நாம் உதிர்க்கும் தோல் செதிலைத் தின்று விரிப்புகளில் வாழும் தூசிப்பூச்சி, கண்ணுக்குத் தெரியாது. தும்மலையும் இழுப்பையும் கிளப்புவதில் அதன் எச்சத்துக்குத்தான் பெரும்பங்கு. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே அது பிழைக்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் வற்றிச் சாகும். 60 டிகிரி வெந்நீரும் கொல்லும். செத்த பிறகும் எச்சம் அங்கேயே இருக்கும், அலசினால்தான் போகும். எனவே வெயிலில் காட்டினால் மட்டும் போதாது.

வெந்நீர் என்றதும் பெரியவர் சிரித்தார். உவர்மண் கரைசலில் முக்கிய வெள்ளை வேட்டிகளை வெள்ளாவி வைத்த காலம் அவருக்கு நினைவிருக்கிறது. ஜமுக்காளத்துக்கு அது ஆகாது, சாயம் இறங்கிவிடும். பச்சைத் தண்ணீரும் சோப்புத்தூளும்தான்.

சாம்பார் கொட்டிய இடத்தில் சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை சிவந்தது. நான் பதறினேன். துவைத்துக்கொண்டிருந்த அக்கா கண்டுகொள்ளவே இல்லை. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அலசி வெயிலில் போட்டால் மிச்சமும் வெளுத்துப்போகும். வெற்றிலை எச்சில்தான் அவருக்குப் பகை. துப்பியவரைத் திட்டிக்கொண்டே தேய்த்தார்.

புவிசார் குறியீடு பெற்ற பவானிக் கைத்தறி ஜமுக்காளத்தைப் புகழ நான் வாயெடுத்தேன். "நனைஞ்சா நாலு பேரு தூக்கணும், நீங்க வந்து ஒரு முனையப் பிடிங்க" என்றார் அக்கா. அவர் ஓட்டு, சீக்கிரம் காயும் பாலியஸ்டருக்கு. மறுக்க எனக்கு வாயில்லை. கெட்டியான பருத்தி உள்ளே ஈரமாக இருக்கையில் மடித்தால் பூஞ்சை பிடித்து நாறும். நகரத்து ஏசி அறைகளில் தரையோடு ஒட்டிய கம்பளத்துக்கு இதுதான் கேடு: இயந்திரம் வெந்நீரைப் பீய்ச்சி உறிஞ்சினாலும், அடியில் தங்கும் ஈரம் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் சுத்தம் செய்ததே வினை. எடுத்து உதற முடியாத விரிப்பை வீட்டில் போடாமலிருப்பதே மேல் என்பது என் கட்சி.

தட்டும்போது கிளம்பும் தூசி முழுக்கப் பெரியவர் முகத்தில்தான். மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது ஈரத்துண்டு ஒன்று. கடைக்காரர் சோப்புத்தூள் வாங்கித் தருகிறார், முகக்கவசம் தருவதில்லை. கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். "கேட்டா துண்டு இருக்குல்லங்கிறாக" என்று சொல்லிவிட்டு, அடுத்ததைக் கொடியில் ஏற்றினார்.