பக்கெட்டை டெஸ்ட் பண்ணுங்க

உப்புத்தண்ணி மீன்தொட்டி வச்சிருக்கிற நண்பர் போன்ல புலம்பித் தீர்த்துட்டார். "வாராவாரம் தண்ணி மாத்துறேன்ப்பா, நைட்ரேட் 80-ஐ விட்டு நகரவே மாட்டேங்குது."

கணக்கே அவருக்கு எதிரா இருக்கு. 20 சதவீதம் மாத்தினா 80, 64 ஆகும். அதுவும் புதுத்தண்ணி சுத்தமா இருந்தாத்தான். அவர் பக்கெட்டுலயே 20 காட்டுச்சு! போர் தண்ணி, பழைய ஆர்.ஓ. மெம்பரேன். அப்போ 68 வரைக்கும்தான் இறங்கும். இறங்கினதை ஒரு வாரத் தீனி திரும்ப ஏத்திடும்.

அடுத்து கேனிஸ்டர் ஃபில்டர். திறந்தா ஸ்பாஞ்ச் முழுக்க காப்பி வண்டல் மாதிரி கசடு. அங்க இருக்கிற பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும். அதோட சரி. நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேத்துற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாத இடம் வேணும். அது லைவ் ராக்னு சொல்ற, பாக்டீரியா குடியிருக்கிற பாறையோட உள்துளைகள்லயும் ஆழமான மணல்லயும்தான் கிடைக்கும். பாறையைக் குறைச்சு ஃபில்டரைப் பெருசாக்கச் சொல்ற கடைக்காரங்க இதைச் சொல்றதில்ல.

ஸ்பாஞ்சை அடிக்கடி அலசணும், ஸ்கிம்மர் ஓடணும், சம்ப்ல விளக்கு போட்டு கீட்டோ பாசி வளர்க்கலாம். பாசி நைட்ரேட்டைத் தின்னு வளரும், வளர்ந்ததைப் பிடுங்கிப் போட்டாப் போதும். பாக்டீரியாவுக்குத் தீனியா தொட்டியில வோட்கா ஊத்துற வைத்தியமும் வேலை செய்யும்தான். ஆனா அளவு மீறினா பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைக் காலி பண்ணிடும், மீன் மேல வந்து வாயைப் பிளக்கும். புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

இன்னொண்ணு, நைட்ரேட்டை அளக்கிற சில சொட்டு டெஸ்ட் கிட்ல ரெண்டாவது பாட்டிலை நல்லாக் குலுக்கணும். இல்லைன்னா அளவு குறைச்சலாத்தான் காட்டும்.