அம்மாவின் சுகம் விசாரித்த தந்தி

போர் முடிஞ்ச பிறகு, புதுக்குடியிருப்புப் பக்கம் காட்சிக்கு வைச்சிருந்த சின்ன நீர்மூழ்கிகளைத் தெற்கிலயிருந்து பஸ்களில் வந்தவை படமெடுத்துக்கொண்டு போனவை. அதைப் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். அதால 'காஸி'யின் கதையை எங்களால் வெறும் சாகசக் கதையாக வாசிக்க முடியேல்லை.

அந்தக் கதையில் ஒரு தமிழரும் இருக்கிறார். வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், 1919இல் நாகர்கோவிலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பாரசீக வளைகுடாவில் சண்டையிட்டுப் பிரிட்டிஷ் வீரப் பதக்கம் வாங்கினவர். 1961இல் கோவா நடவடிக்கையின்போது 'டெல்லி' போர்க்கப்பலின் கப்டன். 1971இல் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைத் தளபதி.

அந்த நவம்பரில், 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி, பாகிஸ்தானின் 'காஸி' கராச்சியிலிருந்து புறப்பட்டு இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்குள் வந்தது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளிச்சுவைச்சார். 'ராஜ்புத்' எண்ட பழைய கப்பலை விக்ராந்த் மாதிரி நடிக்கவிட்டார். விசாகப்பட்டினத்தில் இறைச்சி, மரக்கறியெல்லாம் பெருமளவில் ஓடர் பண்ணினார்கள். ஒரு தந்தியும் போனது: விக்ராந்தில் இருக்கிற மாலுமி ஒருவர், கடும் சுகயீனமாயிருக்கிற தாயின் நிலை என்னெண்டு கேக்கிறார். ஒட்டுக்கேக்கிறவன் நம்பவேணும் எண்டதுக்காக.

டிசம்பர் 3 நள்ளிரவு தாண்டி, துறைமுகத்துக்கு வெளியே பெரிய வெடிச் சத்தம். விடிஞ்சதும் மீனவர்கள் மிதந்த பொருட்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடலில் எண்ணெய்ப் படலம். சுழியோடிகள் இறங்கிக் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே 93 பேர். ராஜ்புத்தின் குண்டால் எண்டது இந்தியா; விபத்து எண்டது பாகிஸ்தான். 2024இல் இந்தியக் கடற்படையின் ஆழ்கடல் மீட்பு வாகனம் அந்தச் சிதைவை மறுபடி அடையாளம் கண்டது. செத்தவர்களின் கல்லறை எண்டு தொடாமல் விட்டார்கள்.

எங்களுக்கு உறைச்சது அந்தத் தேடலின் வேகம்தான். வெற்றிக்குச் சாட்சி தேவைப்பட்டது. ஒரு கிழமைக்குள்ள கிடைச்சது. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் வீதியில் குந்தினவை. கொக்குத்தொடுவாயில் 2023இல் எலும்புகள் வெளிப்பட்டதும் ஆரும் தேடினதால இல்லை, தண்ணிக் குழாய்க்குக் கிடங்கு வெட்டினதால.

தேடுற வசதி இருக்கிறவைக்குத் தேவை இருக்கவேணும். இல்லாட்டி நிலமும் கடல் மாதிரி ஆழமாகிடும். 93 பேரும் எங்க கிடக்கினம் எண்டு அவையின்ர வீட்டாக்களுக்குத் தெரியும். எங்கட அம்மாமார் கேக்கிறதும் அந்த ஒரு இடத்தைத்தான்.