தலைகீழாய் நின்ற பறவை

பரதநாட்டியத்தில் ஒற்றைக்கை முத்திரைகள் 28. அதில் மயூரம் மயில், சுகதுண்டம் கிளிமூக்கு, தாம்ரசூடம் சேவல். சோதனைக்குப் பாடமாக்கியது, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். ஆனால் ஒரு பறவையையாவது பத்து நிமிசம் நின்று பார்த்திருக்கிறேனா? இல்லை.

அது ரீச்சருக்கு விளங்கிவிட்டது. ஒரு நிகழ்ச்சிக்காகத் தனியாகப் பறவை நடனம் பழகிக்கொண்டிருந்தேன். கையை விரித்து, சுற்றிச் சுற்றி ஓடி, ஒரே சிறகடிப்பு. "கை மட்டும்தான் பிள்ளை பறக்குது. நீ இஞ்சயே நிக்கிறாய்" என்றார். அன்றைக்குக் கழற்றிய சலங்கையை இரண்டு மாதம் தொடவில்லை. எனக்கு ஆட்டம் வராது என்றே முடிவெடுத்துவிட்டேன்.

தை மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு, சித்தி வீட்டுக்குப் போனேன். விடிய வெள்ளன சித்தப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தாம்போதிப் பக்கம் கூட்டிப்போனார். வங்காலை சரணாலயம் அங்கேதான். 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

"அங்க பார், பூநாரை!"

தூரத்தில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. ஏமாற்றமாக இருந்தது. ஒன்றும் பறக்கவில்லை, எல்லாம் தலையைக் கீழே போட்டுக்கொண்டு நின்றன. பைனாகுலரை வாங்கிப் பார்த்த பிறகுதான் கால்களைக் கண்டேன். ஒரு பூநாரை வலது, இடது, வலது, இடது என்று மிதித்துக்கொண்டே, தன் தலையைச் சுற்றி மெல்ல வட்டமடித்தது.

"என்ன சித்தப்பா செய்யுது?"

"சேத்தைக் கலக்குது. கூனி, பூச்சியெல்லாம் மேல வரும். அலகைத் தலைகீழாப் பிடிச்சு, தண்ணிய வடிச்சுத் தின்னும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கட தட்டடவு! முதன்முதல் பழகி, பிறகு 'சின்னப் பிள்ளைகளின்ர அடவு' என்று நான் கணக்கெடுக்காமல் விட்டது.

பறவை என்றால் சிறகு என்றுதான் நினைத்திருந்தேன். இது பசிக்கு மிதிக்கிறது, ஒருத்தருக்கும் காட்டுவதற்கில்லை. நான் கையை வீசியதெல்லாம் பார்ப்பவர்களுக்காக. கொஞ்ச நேரத்தில் கூட்டம் எழும்பியது. அதுவும் தண்ணீரில் ஓடி, ஓடித்தான் மேலே போனது. பறப்புக்கும் முதல் கால்தான்.

வீட்டுக்கு வந்து சலங்கையை எடுத்தேன். இப்போது நடனத்தின் முதல் பாதியில் கை இடுப்பில்தான். அரைமண்டியில் இருந்து மெல்ல மிதிப்பேன். முதல்நாள் ஆடிக் காட்டியபோது ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுக்கழியை எடுத்துத் தாளம் போடத் தொடங்கினார்.

நீங்களும் ஆடுற ஆளெண்டால், பறவை பார்க்கப் போகேக்க முதல் காலைப் பாருங்கோ.