திண்டிவனத்தில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்க

ஓமந்தூருக்கு ரயில் கிடையாது. பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்துதான் வண்டி ஏற வேண்டும். அங்கிருந்து எழும்பூர் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். எழும்பூரில் மெட்ரோ பிடித்து, சென்ட்ரலில் மாறி, கூவத்துக்கு அடியில் போனால் அடுத்த நிலையம் அரசினர் தோட்டம். அதற்கு மேலே இருக்கும் வளாகத்தின் முழுப்பெயர் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்ட ஓமந்தூர்க்காரர் ஓ.பி. ராமசாமி ரெட்டியாரின் நினைவாக வைத்தது. மெட்ரோக்காரர்கள் தோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓமந்தூராரை மேலேயே விட்டுவிட்டார்கள்.

வண்டி ஒலக்கூர், தொழுப்பேடு, அச்சிறுபாக்கம் என்று வடக்கே போகிறது. ஒற்றைப் பாதை இருந்த காலத்தில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு இந்தச் சின்ன நிலையங்களில் காத்துக் கிடக்க வேண்டும். 'கிராஸிங்' என்றால் இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செங்கற்பட்டு–விழுப்புரம் இரட்டைப் பாதை 2010களில் முடிந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. தைப்பூச சமயத்தில் மேல்மருவத்தூரில் எக்ஸ்பிரஸ்களும் தற்காலிகமாக நிற்கும். பக்தர்களின் உடையால் பெட்டி முழுக்கச் சிவப்புதான். மதுராந்தகம், படாளம் தாண்டினால் பாலாறு, பெரும்பாலும் மணல். பிறகு கொளவாய் ஏரியை ஒட்டிச் செங்கற்பட்டு.

இங்கிருந்து மின்சார ரயில்களின் ராஜ்யம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியது. அந்த மீட்டர் கேஜ் 2004இல் விடைபெற்றது. ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே கிளாம்பாக்கம். 2023 டிசம்பரில் அங்கே பேருந்து முனையம் திறந்த பின், திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருபவரின் சென்னை அங்கேயே முடிந்துவிடுகிறது. மிச்சத் தூரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். நகருக்குள் நேரே கொண்டுவந்து இறக்குவதற்கு ரயிலை விட்டால் ஆளில்லை.

எழும்பூர் நிலையக் கட்டடம் 1908இல் திறந்தது. அதன் பக்கத்திலேயே படியிறங்கினால் முற்றிலும் வேறு யுகம். மெட்ரோ முதல் கட்டப் பணி 2009இல் தொடங்கியது. சுமார் 45 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் பூமிக்கடியில். சென்னை மண் ஒரே மாதிரியானதல்ல. களிமண், மணல், பாறை எல்லாம் ஒரே குடைவில் மாறிமாறி வரும். துளைக்கும் எந்திரம் முன்னால் அறுத்துக்கொண்டே போக, பின்னால் காங்கிரீட் வளையங்களைப் பொருத்தி வருவார்கள். முகப்பில் அழுத்தம் சரியாக நிற்க வேண்டும். தளர்ந்தால் மேலே இருக்கும் மண் கீழே இறங்கும்.

2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில், சர்ச் பார்க் பள்ளி எதிரில், அப்படித்தான் சாலை உள்வாங்கியது. ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் குழிக்குள் சரிந்தன. ஞாயிற்றுக்கிழமை, பயணிகள் தப்பினார்கள். அதற்கு முன்பே ஒப்பந்தம் எடுத்த ஒரு கூட்டு நிறுவனம் பாதியில் விலக, அண்ணா சாலைக்கு அடியில் வேலை நின்றுபோய், மிச்சத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது. சாலையோ வருடக்கணக்காகத் தடுப்புத் தகரங்களுக்குள். ஆனாலும் 2019 பிப்ரவரி 10 அன்று ஏ.ஜி. டி.எம்.எஸ்.–வண்ணாரப்பேட்டைப் பாதையில் ரயில் ஓடிவிட்டது. தலைநகரம் இடறி விழுந்தாலும் எழுப்பி நிறுத்தப் பணமும் கவனமும் வந்து சேர்கின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அரசினர் தோட்டத்தில் மேலேறினால் பல்நோக்கு மருத்துவமனை. 2010இல் சட்டமன்றமாகத் திறந்து 2014இல் மருத்துவமனையான கட்டடம். வட மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். செஞ்சியிலிருந்து வருபவர் முதலில் பஸ்ஸில் திண்டிவனம் வந்தாக வேண்டும். திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதைக்கு 2006–07இலேயே ஒப்புதல் கிடைத்தது. திண்டிவனம்–நகரி பாதைக்கும் அதே ஆண்டில்தான். மெட்ரோவுக்கு முதல் மண் வெட்டுவதற்கு முன்பே. அங்கே குடைய ஒரு சுரங்கமும் இல்லை, அடியில் நுழைய ஒரு கூவமும் இல்லை. செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை.