செம்பின் மேல் கண்ணாடி

எண்ணெய் ஆலையில் குழாய்களோடும் உஷ்ணத்தோடும் நாள்தோறும் புழங்குகிறவர்களுக்கு எனாமல் கலையைக் கற்பிப்பது, தூரிகை பிடித்துத் தேர்ந்தவர்களுக்குக் கற்பிப்பதைவிடச் சுலபம் என்பது, குவைத்தின் ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் ஒரு சிறு மின்சூளையை வைத்துக்கொண்டு நான் அடைந்த அபிப்பிராயம். ஓவியம் பழகியவர் வர்ணத்தைக் கண்ணால் கண்டு இடுகிறவர். இங்கேயோ, செம்புத் தகட்டில் சல்லடை கொண்டு தூவும் கண்ணாடிப் பொடிக்கு ஒரு நிறம், சூளையிலிருந்து தணலாக வெளிவருகையில் வேறு நிறம், ஆறிய பிறகே அதன் சொந்த நிறம். ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று நிமிஷம் வெந்து வரும் சிவப்பு, கருகிவிட்டாற்போலக் கறுத்துத் தோன்றும். ஓவியர் மனமுடைந்துபோவார், ஆலைக்காரரோ, "ஆறட்டும் சார்" என்று கைகட்டி நிற்பார்.

செம்பு கண்ணாடியைவிட அதிகமாக விரிந்து, ஆறும்போது அதிகமாகச் சுருங்குவதால், ஒரு புறம் மாத்திரம் பூசிய மெல்லிய தகடு வளைந்துபோவதும் பூச்சு தெறித்துவிடுவதும் சகஜம். ஆகவே எவரும் காணாத பின்புறத்துக்கும் எனாமல் ஏற்றியாக வேண்டும். இதைப் படம் போட்டு விளக்க ஆரம்பித்தபோது, திருநெல்வேலிப் பக்கத்துப் பைப் ஃபிட்டர் ஒருவர், "லைன்ல அங்கங்க லூப் விடுறோமே, அந்தக் கணக்குத்தானே சார்?" என்று என் உபந்யாசத்தை முடித்துவைத்தார். லூப் நீட்சிக்கு இடம் கொடுக்கிறது, பின்பூச்சு இழுப்புக்கு எதிர் இழுப்பாக நிற்கிறது, வித்தியாசம் உண்டுதான். ஆனால் உலோகம் அசையும் என்பதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கஷ்டமெல்லாம் வேறிடத்தில். எனாமல் என்றால் நகை என்றே நம்மவர் மனத்தில் படிந்திருக்கிறது. அதிலும் நியாயமுண்டு: அதிக உஷ்ணம் தாங்கும் வெள்ளையை முதலிலும், எளிதில் கெடும் சிவப்பைக் கடைசியிலும் சுட்டெடுக்கும் ஜெய்ப்பூர் மீனாகாரியை அற்பமென்று யார் சொல்வார்? இந்தக் குவைத் நாட்டு அல்-சபா சேகரிப்பிலுள்ள முகலாயர் கால ஆபரணங்கள், 2001-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வரை சென்று காட்சிக்கு நின்றவை. ஆயினும், 1966-இல் தோன்றிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், அதை நிறுவிய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் புதல்வர் எஸ். நந்தகோபால், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்த சிற்பங்களில் எனாமலைச் சேர்த்தபோது, அது ஆபரணத்தின் ஏவலை விட்டுச் சுயேச்சையாக நின்றது. அமெரிக்கக் கிளீவ்லண்டில் கென்னத் பேட்ஸ் இதை ஓவியப் பள்ளிப் பாடமாகவே பல்லாண்டு நடத்தி, 1951-இல் நூலும் எழுதினார். நம் கலைக்கல்லூரிகள் இன்னும் கொஞ்சம் சிரத்தை காட்டியிருக்கலாம்.

ஆகையால் பூவும் மயிலும் வேண்டாம், அன்றாடம் காணும் தொட்டிகளையும் புகைபோக்கிகளையும் எழுதுங்கள் என்று வற்புறுத்துவேன். பெரும்பாலோர் இணங்கினர். பைப் ஃபிட்டர் மாத்திரம், ஊரிலிருக்கும் மகள் கேட்டது மயில்தான் என்று பிடிவாதம் பிடித்தார். வெள்ளிப் படலத்தின் மேல் ஒளி ஊடுருவும் நீலத்தை அவர் மூன்று முறை சுட்டெடுத்த கழுத்தைப் பார்த்தபின், என் சட்டத்தில் அவருக்கு ஒரு விலக்கு எழுதிவிட்டேன்.